ஓடித் தேய்ந்த மாருதி 800: இன்ஜின் தகராறு செய்தால் முதலில் எங்கே பார்ப்பது

என்னிடம் இருப்பது 2004 மாடல் மாருதி 800, எம்பிஎஃப்ஐ இன்ஜின் (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் சொல்படி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிப்பது). மீட்டர் 2,30,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. வீடு திண்டுக்கல்லில். மாதம் ஒரு தடவையாவது கொடைக்கானல் மலை ஏற வேண்டிய வேலை. ஒரே இன்ஜின் இரண்டு முறை ஹெட் (சிலிண்டர்களுக்கு மேல் உட்காரும் மூடிப் பகுதி) திறந்தாகிவிட்டது. இரண்டாவது முறை திறந்திருக்கவே வேண்டாம் என்று இப்போது தெரிகிறது. அந்தக் கதையை ஹீட் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

கீழே இருப்பதெல்லாம் 796 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினை மனதில் வைத்து எழுதியது. 2000-வாக்கில் எம்பிஎஃப்ஐ வருவதற்கு முன் இருந்த கார்புரேட்டர் வண்டிகளுக்கு எங்கே மாறுபடுகிறதோ, அங்கே தனியாகச் சொல்லியிருக்கிறேன். மற்ற பழைய பெட்ரோல் கார்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

தொந்தரவு எப்போது வருகிறது என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? நிற்கும்போதா, ஓடும்போதா? ஏற்றத்திலா, இறக்கத்திலா? பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். கையில் ஒரு மல்டிமீட்டர், பிளக் ஸ்பேனர், டார்ச், பழைய துணி இருந்தால் போதும்.

சாவி திருப்பினால் "டக்" என்கிறது, செல்ஃப் சுற்றவில்லை

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள்.

*லைட் மங்கிப் போகிறது என்றால்:* பேட்டரி டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் மைனஸை முதலில் கழற்றி, வெந்நீர் ஊற்றித் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டுங்கள். பிறகு மல்டிமீட்டர். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் குறை ஆல்டர்னேட்டரில் இருக்கிறது, இல்லாவிட்டால் அதன் பெல்ட்டில். அதைச் சரிசெய்யாமல் புதுப் பேட்டரி வாங்கினால் அதுவும் சீக்கிரம் படுத்துவிடும்.

*லைட் பளிச்சென்று அப்படியே இருக்கிறது, "டக்" மட்டும் வருகிறது என்றால்:* எர்த் வயர். பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே போகும் அந்தப் பின்னல் பட்டை இருபது வருடத்தில் உள்ளுக்குள் பச்சை பிடித்து இற்றுப் போயிருக்கும். ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து பேட்டரி மைனஸிலிருந்து நேராக இன்ஜின் இரும்பில் மாட்டிப் பாருங்கள். செல்ஃப் உடனே எடுத்தால் பட்டையை மட்டும் மாற்றினால் போதும். இந்தச் சோதனை செய்யாமலே செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கொடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டும் சரியாக இருந்தால் செல்ஃப் மோட்டாரின் சோலனாய்டு அல்லது கார்பன் பிரஷ். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய்விடலாம்.

செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை

சுற்றும் சத்தத்தைக் கவனியுங்கள். வழக்கமாக "ர்ர்-ர்ர்-ர்ர்" என்று ஏறி இறங்கி வரும். அந்த ஏற்ற இறக்கம் இல்லாமல் தையல் மெஷின் மாதிரி லேசாக, வேகமாகச் சுற்றினால் டைமிங் பெல்ட் (வால்வுகளை இயக்கும் பெல்ட்) அறுந்திருக்கலாம். அதற்கு மேல் ஒரு தடவைகூடச் சாவியைத் திருப்பாதீர்கள். கவரைத் திறந்து பெல்ட்டைப் பார்க்கும்வரை வண்டி நகர வேண்டாம். பெல்ட் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத பழைய வண்டியை வாங்கியிருந்தால், வேறு எதற்கும் முன்னால் அதை மாற்றிவிடுங்கள்.

சத்தம் வழக்கம்போல இருந்தால் பெட்ரோலா, கரண்டா என்று பிரிக்க வேண்டும்.

எம்பிஎஃப்ஐ வண்டியில் சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்ததும் பின்பக்கம் டேங்கிலிருந்து இரண்டு விநாடி "ம்ம்ம்" என்று பம்ப் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே, அதற்கு அப்புறம்தான் பம்ப். பெட்ரோல் முள்ளையும் முழுதாக நம்பாதீர்கள். பழைய வண்டியில் டேங்க் மிதவை ஒட்டிக்கொண்டு கால் டேங்க் என்று பொய் சொல்லும்.

பம்ப் ஓடுகிறது என்றால் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். பெட்ரோலில் நனைந்து மணத்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்பு (ஸ்பார்க்) வரவில்லை. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நெருப்பு வரவில்லை என்றால் பிளக் வயர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் வண்டி என்றால் அதன் கேப், ரோட்டார், பாயிண்ட் என்று வரிசையாகப் பாருங்கள். மழைக்காலத்தில் மட்டும் வரும் தொந்தரவு என்றால் கேப்பைத் திறந்து காய்ந்த துணியால் துடைத்தாலே பல தடவை போய்விடும்.

*காலையில் ஸ்டார்ட் ஆகிறது, சூட்டில் நிறுத்தி எடுத்தால் மட்டும் ஆகவில்லை:* கார்புரேட்டர் வண்டியில் இது பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வது. ஃபியூயல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் விட்டால் எடுத்துவிடும். பழைய டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் இது. எம்பிஎஃப்ஐ வண்டியில் சூட்டில் மட்டும் கரண்ட் போனால் கிராங்க் அல்லது கேம் சென்சார், காயில் மேல் சந்தேகம் வரும். அரைமணி ஆறியதும் தானாக எடுத்தால் சந்தேகம் இன்னும் உறுதி. இதற்கு ஸ்கேனர் வேண்டும். பழைய எம்பிஎஃப்ஐ கார்களில் சந்தையில் கிடைக்கும் மலிவு ஸ்கேனர் எல்லாம் பேசாது. அந்த மாடலுக்குரிய கருவி வைத்திருப்பவரிடம் போங்கள்.

போனட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால் வேறு எதையும் செய்யாதீர்கள், ஸ்டார்ட்டும் செய்யாதீர்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். இருபது வருடப் பழைய ரப்பர் ஹோஸ்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஹோஸை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலும் பிசுபிசுத்தாலும் ஹோஸையும் கிளிப்பையும் உடனே மாற்றுங்கள். நெருப்புப் பிடிக்கும் விஷயம், நாளைக்குப் பார்ப்போம் என்று விடவே கூடாது.

நிற்கும்போது நடுங்குகிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது

மூன்று சிலிண்டர் இன்ஜின் புதிதாக இருந்தபோதே கொஞ்சம் நடுங்கும். கியர் லீவர் லேசாக ஆடுவது குறை அல்ல. சீட்டும் கண்ணாடியும் சேர்ந்து ஆடினால் பாருங்கள். முதலில் இன்ஜின் மவுண்ட். ரப்பர் கிழிந்திருந்தால் இன்ஜின் நன்றாக இருக்கும்போதே வண்டி உதறும்.

மிஸ்ஸிங்தான் (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டுவிட்டு ஓடுவது) என்றால் எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடியுங்கள். எம்பிஎஃப்ஐயில் இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டரின் வயர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டலாம். எதைக் கழற்றியும் ஓட்டம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. ஓடும் இன்ஜினில் பிளக் வயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். ஷாக் அடிக்கும், காயிலும் போகும்.

அந்தச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டரில் போட்டுப் பாருங்கள். மிஸ்ஸிங் கூடவே போனால் பிளக். போகவில்லை என்றால் வயரை மாற்றிப் பாருங்கள், அடுத்து இன்ஜெக்டர். காசு எதுவும் செலவில்லை. பிளக் முனையின் நிறமும் பேசும். வெளிர் பழுப்பு நல்லது. கரி கரியாகக் கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசையோடு கறுப்பு என்றால் ஆயில் மேலே வருகிறது.

எல்லாச் சிலிண்டரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடுமாறினால் காற்று எங்கோ உள்ளே இழுக்கிறது. வேக்குவம் ஹோஸ்களைக் கையால் பிசைந்து பாருங்கள். "ஸ்ஸ்" சத்தம் காதில் விழும். த்ராட்டில் பாடி கரி பிடித்திருந்தால் கிளீனர் அடித்துத் துடைத்தாலே ஐட்லிங் நிமிரும்.

இவ்வளவும் பார்த்தும் ஒரே சிலிண்டர் மிஸ்ஸிங் என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட். எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துச் செல்ஃப் அடித்து அளக்க வேண்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் 1 கிலோவுக்கு (சதுர சென்டிமீட்டருக்கு) மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வ். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவே ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கலாம். இந்த எண்களைப் பார்க்காமல் "இன்ஜின் இறக்கிடலாம் சார்" என்று சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம்.

இழுவை இல்லை

முதலில் இன்ஜின்தானா என்று பாருங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி நான்கு வீல்களுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதிக்கும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை, கருகல் வாடையும் வருகிறது என்றால் கிளட்ச்.

இரண்டும் இல்லை என்றால் ஏர் ஃபில்டர், ஃபியூயல் ஃபில்டர், பிளக். மூன்றையும் ஒரே நாளில் மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியும். சமதளத்தில் சரியாகப் போய், ஏற்றத்தில் முழு மிதியில் மட்டும் மூச்சடைத்தால் பெரும்பாலும் ஃபியூயல் ஃபில்டர் அல்லது பம்ப் பிரஷர். எந்த மிதியிலும் ஒரு வேகத்துக்கு மேல் ஏறவே இல்லை, சைலன்சரில் காற்று பலமாக வரவில்லை என்றால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கலாம். அது கராஜ் வேலை.

ஹீட் ஆகிறது

இதில்தான் பழைய இன்ஜின்கள் சாகின்றன. என் வண்டியும் கிட்டத்தட்ட இதில்தான் போனது.

முள் பாதியைத் தாண்டி ஏறினால் ஏசியை அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்து ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்துங்கள். வீட்டுக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர்தான் என்று ஓட்ட வேண்டாம். அலுமினிய ஹெட் வளைவதற்கு அந்த நான்கு கிலோமீட்டர் போதும். ரேடியேட்டர் மூடியை மேல் ஹோஸ் கையால் அமுங்கும்வரை தொடாதீர்கள். அரைமணியாவது ஆகும். சூட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது.

ஆறிய பிறகு, எப்போது ஏறியது என்று யோசியுங்கள்.

*டிராஃபிக்கில் மட்டும் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது:* ஃபேன். இன்ஜினை ஓடவிட்டு நின்று பாருங்கள், முள் பாதிக்கு வந்ததும் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, கனெக்டர். ஏசி போட்டால் ஃபேன் சுற்றுகிறது, சூட்டுக்குச் சுற்றவில்லை என்றால் சுவிட்ச் அல்லது சென்சார் பக்கம் தேடுங்கள். என் வண்டியில் ஒரு முறை கனெக்டரைப் பிரித்தபோது ஒரு முனை மட்டும் பழுப்பாக, உருகிய மிட்டாய் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. உள்ளே பித்தளை கறுத்துக் கிடந்தது. குலுங்கும்போது தொடும், நின்றால் விடும். ஃபேன் மோட்டார் நன்றாகத்தான் இருந்தது.

*ஹைவேயிலும் மலை ஏற்றத்திலும் ஏறுகிறது, டிராஃபிக்கில் சரியாக இருக்கிறது:* ரேடியேட்டர் அடைப்பு. நம் ஊரில் இதற்கு முதல் காரணம் போர் தண்ணீர். கெட்டிலில் படிகிற அதே வெள்ளை உப்பு ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படிகிறது. இன்ஜினைச் சூடாக்கி அணைத்து, ஃபேன் கனெக்டரைக் கழற்றிவிட்டு (அது திடீரென்று சுற்றும்), ரேடியேட்டர் முகப்பில் கையை மெல்லக் கொண்டுபோங்கள். நடுவே ஓரிடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. ராடு போட்டுச் சுத்தம் செய்வதும் உண்டு, ஆனால் இந்த வயதில் புது ரேடியேட்டரே நல்லது. இனிமேல் கூலண்ட்தான் ஊற்ற வேண்டும், கலக்குவதற்குப் பேட்டரித் தண்ணீர் (டிஸ்டில்டு வாட்டர்). ஒழுகலை நிறுத்த மஞ்சள்தூள் போடுவார்கள். நடுக்காட்டில் ஊர் வந்து சேர அது உதவும். ஊர் வந்ததும் கழுவி எடுக்காவிட்டால் அதுவே அடைப்பாகிவிடும்.

*ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே ஏறுகிறது:* கூலண்ட் குறைவு, உள்ளே காற்று, அல்லது தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வ்) மூடிய நிலையில் ஒட்டிக்கொண்டது. முள் ஏறியும் கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட். கழற்றிக் கொதிநீரில் போட்டால் திறக்க வேண்டும். இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு" என்று பலர் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், அதுவரை கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும், மைலேஜ் போகும். புதிது மாட்டுங்கள்.

*கூலண்ட் குறைந்துகொண்டே போகிறது:* ரேடியேட்டர் மூடியின் ரப்பரைப் பாருங்கள். இந்த வேலையிலேயே மிக மலிவான பொருள் அதுதான். பிறகு ஹோஸ் கிளிப், வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையில் காய்ந்த கூலண்ட் கறை, வண்டிக்குள் கால்மாட்டில் ஈரம் (ஹீட்டர் கோர்). எங்கும் ஒழுகல் இல்லை, ஆனாலும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட். குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தாலும், மூடி போட்டு ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலும் கேஸ்கெட் போய்விட்டது. ஆயில் மூடிக்கடியில் பால் காபி நிறத்தில் பசை இருக்கிறதா பாருங்கள். மழைக்காலத்தில் குட்டி ஓட்டங்களுக்கு அங்கே கொஞ்சம் வருவது சகஜம். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் வண்டியை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

என் கதை இதுதான். முதல் முறை பெரும்பாறை ஏற்றத்தில் முள் சிவப்பைத் தொட்டது. ஹெட் கேஸ்கெட் மாற்றி, லேத்தில் ஹெட் ஃபேஸிங் (வளைந்த அடிப்பரப்பைச் சமமாகச் சீவுவது) செய்து வாங்கினேன். ஏழு மாதத்தில் அதே ஏற்றத்தில், கிட்டத்தட்ட அதே வளைவில், மறுபடி போனது. கேஸ்கெட் ஏன் போனது என்று வேலை செய்தவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாவது முறை வேறொரு மெக்கானிக் பழைய ரேடியேட்டரைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார். சிமெண்ட் தரையில் வெள்ளைத் துகள் ஒரு கைப்பிடி விழுந்தது. நான் பத்து வருடமாக ஊற்றிய வீட்டுப் போர் தண்ணீர். வண்டி மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹெட் கழற்றினால் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், மூடி, ஹோஸ் நான்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸிங் மட்டும் செய்து மாட்டினால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது.

புகை

*வெள்ளை:* குளிர்காலக் காலையில் கொஞ்ச நேரம் வந்து நின்றால் ஈரம்தான். இன்ஜின் சூடான பிறகும் விடாமல் வந்து, கூலண்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட். மேலே சொன்ன சோதனைகளுக்குப் போங்கள்.

*கறுப்பு:* பெட்ரோல் அதிகமாக எரிகிறது. ஏர் ஃபில்டர், கார்புரேட்டரில் சோக் திரும்பாமல் நிற்பது, எம்பிஎஃப்ஐயில் ஆக்சிஜன் சென்சார் அல்லது டெம்பரேச்சர் சென்சார்.

*நீலம்:* ஆயில் எரிகிறது. முதலில் பிசிவி வால்வை (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே எடுக்கும் சின்ன வால்வ்) கழற்றிக் குலுக்குங்கள். "டக் டக்" என்று உள்ளே ஆட வேண்டும். அடைத்திருந்தால் மாற்றுங்கள், சில வண்டிகளில் புகையே நின்றுவிடும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு புகை குப்பென்று வந்து நின்றால் வால்வ் சீல். மலை இறக்கத்தில் கியரிலேயே காலை எடுத்து இறங்கி, கீழே வந்து மிதித்ததும் பின்னால் நீலமாகக் கிளம்பினாலும் அதேதான், வால்வ் கைடும் தேய்ந்திருக்கலாம். மிதிக்க மிதிக்கப் புகை கூடினால் ரிங். ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் ரயில் இன்ஜின் மாதிரி புஸ் புஸ்ஸென்று ஊதும். பேக் கம்ப்ரஷன் என்பார்கள்.

ஆனால் புகை என்றதும் இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. டிப்ஸ்டிக்கில் அளவு எழுதிவைத்து 1000 கிலோமீட்டர் ஓட்டுங்கள். அரை லிட்டருக்குள் என்றால் நான் ஊற்றி ஊற்றி ஓட்டுவேன். ஒரு லிட்டரைத் தொட்டால் கம்ப்ரஷன் டெஸ்ட்.

சத்தமும் ஆயில் லைட்டும்

மேலே "டிக் டிக்" என்று தையல் மெஷின் சத்தம் என்றால் டேப்பெட் கிளியரன்ஸ் (வால்வுக்கு விடும் இடைவெளி). அட்ஜஸ்ட் செய்யலாம், அவசரம் இல்லை. ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தினால் பெல்ட். ஏற்றத்தில் மிதிக்கும்போது சில்லறை குலுங்குகிற மாதிரி கேட்டால் இக்னிஷன் டைமிங் அல்லது உள்ளே கரி. கீழே, வயிற்றிலிருந்து "டொக் டொக்" என்று கனமாக வந்தால் பேரிங். அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

ஆயில் லைட் ஓடும்போது எரிந்தால் அந்த இடத்திலேயே அணைக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக். குறைந்திருந்தால் ஊற்றுங்கள். அளவு சரியாக இருந்தும் எரிந்தால் சுவிட்ச்சாகவும் இருக்கலாம், ஆனால் அதை நம்பி ஓட்ட முடியாது. கேஜ் மாட்டி பிரஷர் பார்க்கும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

இன்ஜினை இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்

கம்ப்ரஷன் எண்களை எழுதி வாங்குங்கள். சிலிண்டர் போர், அதாவது உள்சுவர், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று லேத்தில் அளந்து சொல்லச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு ரீபோர் (சிலிண்டரைப் பெரிதாகக் கடைவது) ஆகும். அளவு சரியாக இருந்தால் ரிங்கும் வால்வ் வேலையும் போதும், செலவு நிறையக் குறையும். கிராங்க்கையும் அளக்கச் சொல்லுங்கள். ஆயில் பம்ப், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், எல்லா ஆயில் சீல்களும் அதே சமயத்தில் மாறட்டும். மறுபடி திறக்கும் கூலி அந்தச் சாமான்களின் விலையைவிட அதிகம். 15 வருடம் முடிந்த வண்டி என்றால் ஆர்டிஓவில் பதிவைப் புதுப்பிக்கும் நாள் எப்போது, பாடியில் துரு எவ்வளவு என்பதைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

கழற்றிய பழைய சாமான்களை ஒரு சாக்கில் போட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்து வந்த வண்டியில் முதல் 1000 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். வடித்த ஆயிலை வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மினுமினுப்பு மட்டும் என்றால் புது ரிங் படிகிற தூள்தான். விரலில் நெருடும் துகள் இருந்தால் அன்றைக்கே வண்டியை அவரிடம் திரும்பக் கொண்டுபோங்கள்.